1974 ஆல்ஃபா ஸ்பைடர்: எஞ்சினுக்கு முன் கதவுக்கு அடியில் பாருங்கள்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: இத்தாலியில் பொலோன்யா பக்கத்தில் ஒருவரிடம் 1974-ஆம் ஆண்டு ஆல்ஃபா ரோமியோ 2000 ஸ்பைடர் வெலோச்சே என்ற துணிக்கூரைக் கார் இருக்கிறது, சிவப்பு நிறம், பெயின்ட் புதியது, எஞ்சினை முழுக்கப் பிரித்துச் சேர்த்ததாகச் சொல்கிறார், 28,000 யூரோ கேட்கிறார். போய்ப் பார்க்கும்போது எஞ்சினில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும், விலை சரியா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், "சேமிப்பில் பாதிக்கு மேல் இதில் போகிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. வாங்கிய பிறகும் இந்தக் கார் பணத்தை விழுங்குமா, விழுங்கினால் எவ்வளவு? அதற்கான பதிலில் எஞ்சினுக்குப் பங்கு குறைவு. பெரும்பகுதி கதவுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத தகட்டில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்து தொடங்கி எஞ்சினுக்கு வருகிறேன்.

நான் 20 ஆண்டுகளுக்கு மேலாக வட இத்தாலியில் பழைய ஆல்ஃபாக்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். கார்புரேட்டர் வைத்த ஐரோப்பியக் கார்கள்தான் என் கைக்குப் பழக்கம். அமெரிக்காவுக்குப் போன ஸ்பைடர்களில் ஸ்பிகா என்ற மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பம்ப் இருக்கும். அதை நான் மிகக் குறைவாகவே தொட்டிருக்கிறேன், அதனால் அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. உங்கள் காரை நான் பார்க்கவும் இல்லை. கீழே சொல்வதெல்லாம் இந்த வகைக் காருக்குப் பொருந்தும். உங்களுக்குக் காட்டப்போகும் அந்த ஒரு கார் எப்படி இருக்கிறது என்பதை நீங்கள் நேரில் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் இந்தக் காரின் உடம்பு எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பைடர் 1966-இல் ஜெனீவா கண்காட்சியில் வந்தது. பாடியை வடிவமைத்ததும் செய்து கொடுத்ததும் பினின்ஃபரினா. முதலில் வந்தது உருண்டை வால். 1970 மாடலிலிருந்து வாலை நறுக்கினார்கள், நீங்கள் பார்க்கப்போவது அந்த நறுக்குவால் வகை. 1971-இல் 1962 சிசி எஞ்சின் வந்தது. இந்தப் பாடிக்குத் தனியாகச் சேஸிஸ் சட்டம் கிடையாது. கூரையும் துணி என்பதால், காரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பவை இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டங்களும் நடுவில் நீளவாக்கில் மேடாக ஓடும் சுரங்கம் போன்ற தகடும் தரைத்தகடும்தான். அந்தப் பெட்டிச் சட்டத்தைச் சில் என்பார்கள். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே வலுவுக்கு ஒரு தகடு என்று மூன்று அடுக்கு. ஒரு வீட்டின் உத்தரம் மாதிரி. அது செல்லரித்தால் சுவருக்கு எத்தனை தடவை வெள்ளையடித்தும் பயனில்லை.

இந்தச் சில்கள் ஏன் இப்படித் துருப்பிடிக்கின்றன? அந்தக் காலத்து இத்தாலியக் கார்களுக்கு ரஷ்ய எஃகு வாங்கிப் போட்டார்கள், அதனால்தான் எல்லாம் துரு என்று ஒரு கதை எங்கும் சுற்றுகிறது. அதை நான் உறுதியாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்டாலும் ஒரு காரை மதிப்பிட அது உதவாது. நான் கண்ணால் கண்டது வேறு. மூடிய பெட்டிகளின் உட்புறத்தில் சரியான பூச்சே இருக்காது. தண்ணீர் வெளியேற வேண்டிய வழிகளும் சின்னவை. முன்கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே போகும் கம்பிவலைக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது, அங்கே இலையும் மண்ணும் சேர்ந்து வடிகால் அடைபடும். துணிக்கூரை மடிந்து கிடக்கும் பள்ளத்திலும் இதே கதை. அடைத்த தண்ணீர் வேறு வழி தேடும், கடைசியில் தரைத்தகட்டுக்கும் சில்லுக்கும் வந்து நிற்கும். மழையே படாமல் கராஜில் நின்ற கார் என்று விற்பவர் சொன்னாலும், அதற்கு முந்தைய நாற்பது வருடம் எங்கே நின்றது என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் அடர்சிவப்பு ஸ்பைடர் ஒன்றைக் கொண்டுவந்தார். வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வலதுபக்கக் கதவு சரியாகப் பூட்டவில்லை, கீலைச் சரிசெய்து தாருங்கள் என்றார். கதவைத் திறந்து, பின்ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். கீலில் ஆட்டமே இல்லை. காரை லிஃப்டில் ஏற்றியதும் இரண்டு கதவுகளும் இறுகிவிட்டன, திறக்க முடியவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. சில்லின் அடியில், பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால், ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினேன். தகடு என்றால் கணீர் என்று கேட்க வேண்டும், அங்கே பொத்தென்று கேட்டது. அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு முனையை வைத்து அழுத்தினேன். பெயின்ட் முட்டையோடு மாதிரி வெடித்தது. உள்ளே விரல் கனத்துக்கு ரோஸ் நிறப் பட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமன்செய்யும் பூச்சு), அதற்குப் பின்னால் ஃபைபர் துணி, அதற்கும் பின்னால் டீயில் ஊறிய பிஸ்கட் போல அடுக்கடுக்காக உதிரும் துரு. ஒரு கை நிறைய எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அந்தக் காரைச் சரிசெய்ய ஆன செலவு, அவர் கார் வாங்கிய விலைக்கு ஏறக்குறைய சமமாக வந்தது. எஞ்சின் அருமையான எஞ்சின். ஒரு குறையும் இல்லை.

எனவே அங்கே போனதும் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது எஞ்சினை ஆராய்வதல்ல. காரிலிருந்து பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்து கதவின் இடைவெளியைப் பாருங்கள். கதவின் பின்ஓரத்துக்கும் பாடிக்கும் இடையிலுள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக வர வேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. அப்புறம் சில்லின் ஜாக்கிப் புள்ளியில் ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கச் சொல்லுங்கள். சக்கரம் தரையை விட்டதும் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் இருந்தபோது எப்படி மூடியதோ அப்படியே மூட வேண்டும். லேசாக உரசினால் கீலாகவும் இருக்கலாம், அதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். இறுகிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம். ஜாக்கி போட விற்பவர் மறுத்தால், மறுப்பதற்கு என்ன காரணம் சொன்னாலும், நான் அந்தக் காரை வாங்கச் சொல்ல மாட்டேன்.

கையில் கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. நல்ல டார்ச், பட்டி போட்ட இடத்தைக் கண்டுபிடிக்கத் துணியில் சுற்றிய சிறிய காந்தம், கீழே படுக்க ஒரு பழைய விரிப்பு. முடிந்தால் பெயின்ட் கனம் அளக்கும் கருவியும், போனில் மாட்டும் குழாய்க் கேமராவும். கடைசி இரண்டும் இன்றைக்கு மலிவாகவே கிடைக்கின்றன. கம்பெனிப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனத்தில் இருக்கும். ஒருமுறை மறுபெயின்ட் அடித்தால் 300 வரை போகலாம், அதில் தவறில்லை. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. ஆயிரத்தைத் தாண்டினால் தகட்டைவிடப் பட்டியே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவின் நடுவில் அளந்து திருப்தியடைய வேண்டாம். சில், பின்சக்கர வளைவின் உதடு, முன்மட்கார்டின் பின்கீழ் மூலை, கதவின் அடிவிளிம்பு, ஹெட்லைட்டைச் சுற்றிய பகுதி, இந்த இடங்களில் அளந்து பாருங்கள். அளவுகள் இடத்துக்கு இடம் தாறுமாறாகக் குதிப்பதுதான் முக்கியமான தடயம்.

கம்பளத்தைத் தூக்க அனுமதி கேளுங்கள். ஓட்டுநரின் காலடியில், பெடலுக்குக் கீழே, விரலால் தடவிப் பாருங்கள். ஈரமோ புதிய தார் அட்டையோ இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். டிக்கியில் உதிரிச் சக்கரத்தைத் தூக்கி அந்தப் பள்ளத்தைப் பாருங்கள். பேட்டரியும் இந்தக் காரில் டிக்கியில்தான் இருக்கிறது, அமிலம் வழிந்த தட்டு அரித்திருக்கும். முன்னால் ரேடியேட்டருக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டம், பின்அச்சைப் பிடித்திருக்கும் கைகள் பாடியில் மாட்டும் இடங்கள், இரண்டையும் படுத்துக்கொண்டுதான் பார்க்க முடியும். அடிப்புறம் முழுக்கப் புத்தம்புதுக் கறுப்புத் தார் அடித்திருந்தால் அதைப் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பது வயதுக் காரின் அடி அழுக்காக இருப்பதுதான் எனக்கு நிம்மதி. அழுக்குக்கு அடியில் பழைய வெல்டிங் புள்ளிகளும் கம்பெனி பூசிய பசையும் தெரிந்தால் அந்த இடத்தை யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

சில் மாற்றியாகிவிட்டது என்று விற்பவர் சொன்னால் படம் கேளுங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தக் காரின் முன்மட்கார்டு போல்ட் போட்டுக் கழற்றக்கூடியதல்ல, பாடியோடு வெல்டு செய்தது. சில்லின் இரண்டு முனைகளும் முன்னும் பின்னும் மட்கார்டுகளுக்கு உள்ளே புகுந்து போகின்றன. ஆகவே முறையாக மாற்ற வேண்டுமென்றால் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டியே ஆக வேண்டும். படத்தில் அந்த வெட்டு தெரிய வேண்டும், கதவு இடைவெளி விலகாமலிருக்க உள்ளே குறுக்குக் கம்பி வைத்து வெல்டு செய்ததும் தெரிய வேண்டும். வெறும் வெளித்தகட்டைப் பழைய துருவின் மேலேயே போர்த்தி ஒட்டியிருந்தால் அதற்கு இப்படிப்பட்ட படமே இருக்காது. எங்கள் பட்டறையில் இரண்டு பக்கச் சில்லையும் உள்ளடுக்கோடு மாற்றிப் பெயின்ட் அடித்து முடிக்க நூறு மணி நேரத்துக்குக் குறைவாக ஆனதில்லை. உங்கள் ஊர்ப் பட்டறையின் மணிக்கூலியால் பெருக்கிப் பார்த்தால், இதை ஏன் முதலில் சொன்னேன் என்று புரியும்.

மூக்குப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். பம்பர் பேருக்குத்தான், நகரத்தில் நிறுத்தும்போது முன்னும் பின்னும் இடிபடாத ஸ்பைடர் அரிது. பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் தலையை நுழைத்து, மூக்கின் உட்புறத் தகட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் உள்ளே சுருக்கமும் சுத்தியல் தடமும் அப்படியே இருக்கும். சின்ன இடி என்றால் எனக்குக் கவலையில்லை. எஞ்சின் அறையின் பக்கத்தகடுகளில் மடிப்பு தெரிந்தால் அது பெரிய விபத்து.

சரி, இனி எஞ்சின். முழு அலுமினியம், மேலே வால்வுகளைத் திறக்கும் இரட்டை கேம் தண்டுகள், உள்ளே தண்ணீரில் நனைந்து நிற்கும் வார்ப்பிரும்பு லைனர்கள் (பிஸ்டன் ஓடும் உறைகள்), இரண்டு இரட்டைக் கார்புரேட்டர்கள், சுமார் 130 குதிரைத்திறன். ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள காருக்கு இது தாராளம். இதைப் போல மன்னிக்கும் குணமுள்ள பழைய எஞ்சின்கள் குறைவு. பாகங்களும் இன்றைக்கு ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் சிரமமில்லாமல் கிடைக்கின்றன. அதனால்தான் எஞ்சின் தேய்ந்த காருக்கு நான் பயப்படுவதில்லை. எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும், துருவுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

முந்தின இரவே விற்பவரிடம் சொல்லிவையுங்கள், எஞ்சினைக் காலையில் தொட வேண்டாம் என்று. போனதும் கேம் மூடியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அவர் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து, முதல் புகையை விட்டுவிட்டார். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) வழியே எண்ணெய் கசிகிறது என்று பொருள். ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி அழுத்துகையில் நீலம் வந்தாலும் அதேதான். முழு அழுத்தத்தில் தொடர்ந்து நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் வரை போக வேண்டியிருக்கும். குளிர்காலக் காலையில் வரும் வெள்ளை நீராவியில் ஒன்றும் இல்லை, கார் சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், எரிகிறது.

இந்த எஞ்சினின் தெரிந்த பலவீனம் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக்குக்கும் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு. பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் துளைகளைச் சின்ன ரப்பர் வளையங்கள் அடைத்துப் பிடிக்கின்றன. வருடக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் அவை கெட்டியாகிக் கசியும், எண்ணெய் கூலன்டில் கலக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வெள்ளை டிஷ்யூவை உள்ளே தொட்டு எடுங்கள். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று வந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் கொஞ்சம் வெண்ணெய் மாதிரிப் படிந்திருப்பதைக் கண்டு பதற வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் காரில் ஈரக்காற்று படிந்தும் அப்படி வரும். இதை வைத்து விலை பேசலாம், காரை நிராகரிக்க முடியாது.

எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரை எல்லாரும் உற்றுப்பார்ப்பார்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நிமிடத்துக்கு 4,000 சுற்றில் முள் 3.5 முதல் 4.5 பார் வரை நின்றால் ஆரோக்கியம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் ஐடிலில் ஓடும்போது 1-க்கும் கீழே இறங்குவது இந்த எஞ்சினுக்கு வழக்கம்தான். மீட்டருக்கு அனுப்பும் சென்சார் பொய் சொல்வதும் அதே அளவுக்கு வழக்கம். ஆகவே முள் தாழ்ந்திருந்தால் எஞ்சின் போச்சு என்று நினைக்காமல், தனி மீட்டர் மாட்டி அளந்து சொல்லும்படி ஒரு மெக்கானிக்கிடம் கேளுங்கள். அடியில் அலுமினிய எண்ணெய்த்தொட்டி தாழ்வாகத் தொங்கும், வேகத்தடையில் அடிபட்ட தடமோ வெல்டு செய்த தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர்கள் எஞ்சினோடு சேரும் இடத்தில் ரப்பர் ஒட்டிய இணைப்புத்தகடுகள் இருக்கும். அவை வெடித்தால் காற்று புகுந்து ஐடில் ஏறி இறங்கும். கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் அந்த ரப்பரின் அடிப்பக்கத்தை டார்ச் வைத்துப் பாருங்கள். நிறையப் பேர் இதைப் பார்க்காமலே செலவு செய்திருக்கிறார்கள்.

"முழுக்கப் பிரித்துச் சேர்த்த எஞ்சின்" என்ற சொல்லுக்கு என்னிடம் மதிப்பில்லை, பில்லுக்கு உண்டு. லைனரும் பிஸ்டனும் மாற்றினார்களா, அடியில் சுழலும் கிராங்க் தண்டை அளந்தார்களா, பேரிங் எந்த அளவில் போட்டார்கள், வால்வு கைடு புதிதா என்று பில்லில் இருக்க வேண்டும். ஹெட்டை மட்டும் கழற்றி கேஸ்கெட் போட்டுவிட்டும் இதே சொல்லைச் சொல்வார்கள். பில் இல்லையென்றால் கம்ப்ரெஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் சோதனை, கேளுங்கள். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் வெளியே, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து எடுக்க வேண்டும். என்ன எண் வருகிறது என்பதைவிட நான்கும் பத்து சதவீதத்துக்குள் ஒன்றுபோல் வருகிறதா என்று பாருங்கள். அதிலும் ஒரு வரம்பு உண்டு. கம்ப்ரெஷன் நன்றாக இருப்பதை வைத்து அடியிலுள்ள பேரிங் நன்றாக இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எஞ்சினைத் திறக்காமல் அதைத் தெரிந்துகொள்ள எண்ணெய் அழுத்தமும் காதும் மட்டுமே துணை.

கியர்பாக்ஸ் ஐந்து கியர். கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ வளையங்களில் இரண்டாவது கியருடையதுதான் முதலில் தேயும். குளிரில் இரண்டுக்குப் போகும்போது லேசாக உரசினால் பெரும்பாலான ஸ்பைடர்கள் அப்படித்தான். சூடான பிறகும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இரண்டில் இழுத்துவிட்டுச் சட்டென்று காலை எடுங்கள், லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளக் கூடாது. கிளட்ச் விடும்போது காருக்கு அடியில் தடதடவென்று அதிர்ந்தால் கியர்பாக்ஸுக்குப் பின்னாலுள்ள ரப்பர் இணைப்போ, பின்சக்கரங்களைச் சுழற்றும் நடுத்தண்டைத் தாங்கும் பேரிங்கோ போயிருக்கும். இரண்டும் பெரிய செலவில்லை. பிரேக் நான்கும் டிஸ்க். நேரான சாலையில் ஸ்டீரிங்கைத் தளர்வாகப் பிடித்துப் பிரேக் அடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் இறுகியிருக்கிறது, நின்றே கிடந்த காரில் அது சாதாரணம். டயர் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண், செய்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயதைத் தாண்டிய டயரில் வேகமாக ஓட்டிப் பார்க்காதீர்கள். கூரைத் துணி, சீட், கடிகாரம், ஒயரிங் பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டாம், அவையெல்லாம் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

காகிதங்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சேஸிஸ் எண் எஞ்சின் அறையின் பின்சுவரில் அடித்திருக்கும். ஐரோப்பிய 2000 ஸ்பைடரென்றால் 105.24 என்ற வகை எண்ணோடு இருக்க வேண்டும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா, சுற்றிலும் வெல்டு தடம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் எண் 00512 என்று தொடங்கினால் அது இரண்டு லிட்டர் எஞ்சின். 00548 என்றால் 1750, 00536 என்றால் 1600. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பிகள் போலவே இருக்கும், எண்ணைப் பார்க்காமல் நம்பாதீர்கள். ஆனால் 00512 இருப்பதால் மட்டும் அது இந்தக் காரோடு பிறந்த எஞ்சின் என்று ஆகிவிடாது. அதே தொடக்க எண் அந்தக் காலத்து 2000 செடானிலும் ஜிடிவி கூப்பேயிலும் இருக்கிறது. மலிவாகக் கிடைத்த செடானிலிருந்து எடுத்து மாட்டியிருக்கலாம். ஓட்டுவதற்கு அதில் குறையில்லை, விலையில் மட்டும் வித்தியாசம்.

இத்தாலியில் வாகன உரிமையை பிஆர்ஏ என்ற பொதுப் பதிவேட்டில் வைத்திருக்கிறார்கள். நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்தால் முதல் உரிமையாளரிலிருந்து வரிசையாக வரும் கால வரலாற்றுச் சான்றை வாங்கலாம். கார் கடனில் சிக்கியிருக்கிறதா, பதிவு நீக்கப்பட்டதா என்பதும் அதில் தெரியும். பதிவு நீக்கப்பட்ட கார் என்றால் ஜெர்மனியில் பதிய எவ்வளவு அலைய வேண்டியிருக்கும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆல்ஃபாவின் ஆவணக் காப்பகத்திலிருந்து பிறப்புச் சான்று வாங்கினால் கார் செய்த தேதியும் முதல் நிறமும் எங்கே விற்கப்பட்டது என்பதும் கிடைக்கும். உங்கள் சிவப்புக் கார் சிவப்பாகவே பிறந்ததா என்பதை அதில் ஒப்பிடலாம். டாஷ்போர்டுக்குப் பின்னாலும் கம்பளத்துக்கு அடியிலும் பழைய நிறம் எட்டிப்பார்க்கும். ஏஎஸ்ஐ என்ற இத்தாலியப் பழங்கார் சங்கத்தின் சான்றிதழை விற்பவர் பெருமையாகக் காட்டலாம். அது மரியாதைக்குரிய தாள்தான், ஆனால் அந்தத் தாள் சில்லுக்கு உத்தரவாதம் தராது. ஜெர்மனியில் பழங்கார்களுக்குத் தரும் எச் நம்பர் பிளேட் வாங்க 30 வயதோடு, நல்ல நிலையில் அசல் தன்மையோடு இருக்கிறது என்று ஒரு நிபுணர் அறிக்கையும் வேண்டும். அவரும் காருக்கு அடியில்தான் பார்ப்பார்.

விலை சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சில்லும் தரையும் படங்களோடு முறையாகச் செய்தது, எஞ்சினுக்குப் பில் இருக்கிறது, காகிதம் சுத்தம் என்றால் 28,000 கொடுக்கலாம் என்பது என் கணிப்பு. பெயின்ட் மட்டும் புதிது, மற்றதற்கெல்லாம் வாய்வார்த்தை என்றால் பாதி விலைக்கும் நான் வாங்க மாட்டேன். என் நண்பர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் வெளிர்நீல ஸ்பைடர் ஒன்றை வாங்கினார். பெயின்ட் மங்கி, எஞ்சின் புகைத்து, சீட் கிழிந்து கிடந்தது. யாரும் சீண்டவில்லை. அடியில் படுத்துப் பார்த்தபோது கம்பெனிப் பசை அப்படியே இருந்தது, சில்லைத் தட்டினால் இரண்டு பக்கமும் கணீர் என்றது. எஞ்சினை அந்தக் குளிர்காலத்தில் பிரித்துச் சேர்த்தோம். மங்கிய பெயின்ட்டை அவர் இன்னும் மாற்றவில்லை, கோடையில் வாரம் தவறாமல் அப்பெனைன் மலைப்பாதையில் ஓட்டுகிறார்.

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் விற்பவரிடம் ஐந்து படம் கேளுங்கள்: இரண்டு பக்கச் சில்லின் அடிப்புறம், கம்பளம் எடுத்த தரை, உதிரிச் சக்கரப் பள்ளம், சேஸிஸ் எண். உண்மையான விற்பனையாளர் என்றால் அன்று மாலையே அனுப்பிவிடுவார். வந்த படங்களில் அடி முழுக்கப் புதுத் தார் என்றால் பொலோன்யாவிலேயே ஒரு பட்டறையில் ஒரு மணி நேரம் லிஃப்ட் வாடகைக்குப் பேசிவிட்டுப் போங்கள். காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், எஞ்சின் ஆறியிருக்கும், வெளிச்சமும் சாய்வாக விழுந்து பாடியில் உள்ள அலையெல்லாம் தெரியும். மழை பெய்து பெயின்ட் நனைந்திருந்தால் அன்றைக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஈரத்தில் எந்தச் சிவப்புக் காரும் அழகாகத்தான் இருக்கும்.